மூணாவது பின்னை வெட்டுற புண்ணியவான்களுக்கு...

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் காரமான பதிவு. பிடிக்காதவங்க பின்னூட்டத்துல கும்முங்க, வாங்கிக்கிறேன்.

போன ஞாயித்துக்கிழமை அச்சங்குளத்துல ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் ஷெட்டை பட்டறையா மாத்தி வச்சிருக்கார். கட்டிங் மிஷின், ட்ரில்லு, பெஞ்ச் கிரைண்டர், சின்னதா ஒரு வெல்டிங் செட்டுன்னு ஒரே அமர்க்களம். எல்லாத்துக்கும் கரண்ட்டு? வராண்டா லைட்டு பாயிண்டுல இருந்து இழுத்த ஒத்தை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்! கிரைண்டர் பிளக்குல மூணாவது பின்னையே காணோம். "ஏண்ணே?"ன்னா, "பாக்ஸ்ல ரெண்டு ஓட்டைதான் இருந்துச்சு, வெட்டிட்டேன். அது சும்மா எர்த்துதானே"ங்கிறார்.

இத்தனைக்கும் அண்ணன் வேலை பார்க்கிறது பட்டாசு ஆலையில. மருந்து அறைக்குள்ள லைட்டு கூடக் கிடையாது, பகல் வெளிச்சத்துலதான் வேலை. தீப்பொறி வரும்னு இரும்புக் கருவியைக் கூட உள்ள விடமாட்டாங்க. உடம்புல இருக்குற நிலைமின்சாரம் இறங்கணும்னு எர்த் பண்ணின தகடைத் தொட்டுட்டு உள்ள போற பழக்கமும் உண்டு. அங்க எர்த்தைத் தொட்டுக் கும்பிடாத குறை, வீட்டுக்கு வந்தா அதே எர்த்தைக் கட்டிங் பிளேயரால நறுக்குறோம். என்ன நியாயம் இது?

2021 பிப்ரவரி 12. இதே அச்சங்குளம் ஆலை வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. மருந்து கலக்கும்போது உராய்வுன்னு அப்ப செய்தி வந்துச்சு. வயரிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனா "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே"ங்கிற பேச்சை மட்டும் இந்த மண்ணுல எவனும் பேசக்கூடாதுங்கிறது என் கட்சி.

"அதான் எம்சிபி இருக்கே"ம்பீங்க. இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். எம்சிபி காப்பாத்துறது வயரை, உங்களை இல்லை. 230 வோல்ட், உடம்போட தடை சுமாரா 1000 ஓம்னு வச்சுக்குங்க. உங்க வழியா ஓடுறது 0.23 ஆம்பியர். உயிரை எடுக்க இது தாராளம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது கொசுக்கடி, அது அசையவே அசையாது.

அசையுறது ஆர்சிசிபி. போற கரண்ட்டுக்கும் திரும்பி வர்ற கரண்ட்டுக்கும் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டா கண்ணிமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதிகளும் (2010ல வந்து, 2023ல புதுசாப் போட்டது) இந்தக் கசிவுக் காப்பைக் கேட்குது. மிஷினுக்கு ஆயிரக்கணக்குல கொட்டுறவன் இதுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறான்!

"என் ட்ரில்லுக்குக் கம்பெனிக்காரனே ரெண்டு பின்தான் குடுத்திருக்கான்"னு ஒரு அறிவாளி கிளம்புவார். சரிதான் சாமி. சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருந்தா அது டபுள் இன்சுலேஷன், எர்த் வேண்டாம். ஆனா பெஞ்ச் கிரைண்டர், கம்ப்ரசர், வெல்டிங் செட்டெல்லாம் இரும்பு உடம்பு. உள்ள வயர் உரசினா மொத்த உடம்பும் கரண்ட்டு. எர்த் இருந்தா நீங்க தொடுறதுக்கு முன்னாடியே ஆர்சிசிபி விழுந்துடும். இல்லைன்னா எர்த் நீங்கதான்.

அதனால கேட்கிறது இவ்வளவுதான். மெயின் போர்டுல இருந்து பட்டறைக்குத் தனி லைன். 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயர், அதுக்குன்னு தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். லைட்டு வேற சர்க்யூட்டுல இருக்கட்டும். மிஷின் ட்ரிப் ஆகும்போது பிளேடு இன்னும் சுத்திக்கிட்டிருக்கும், அப்ப இருட்டாகக் கூடாது. லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்க. மாசம் ஒருதரம் ஆர்சிசிபில இருக்குற 'டி' பட்டனை அமுக்கிப் பாருங்க.

அண்ணன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "தீபாவளி போனஸ் வரட்டும்டா தம்பி"ன்னார். அதுவரைக்கும் கரண்ட்டு காத்திருக்குமாண்ணே?

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு நீங்களே மெயின் போர்டைத் திறக்காதீங்க. உங்க வீட்டு பிளக்குல மூணு பின் இருக்கான்னு மட்டும் இப்பவே போய்ப் பாருங்க.