ஏழு பேர் வேண்டும்



போன மாதம் ஒரு காலை மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன். மூன்று கால் பிரித்து இரண்டு பின்னல் போடுவதற்குள் முடி கையிலிருந்து நழுவியது. வலது கையின் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சியே இல்லை. மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். என்ன வேலை என்று கேட்டார். வீடியோ கேமுக்கு மாடல் செய்கிறேன் என்றேன். “விளையாட்டு வேலைதானே, அதிலா இப்படி?” என்றார்.

அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். சென்னையில், கோவையில், பெங்களூரில் மாடலிங், டெக்ஸ்சர், அனிமேஷன், டெஸ்டிங் என்று ராப்பகலாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு.

நம் நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் காலை பத்து மணிக்கு கிளையண்ட் கணினியைத் திறக்கும்போது இங்கே இரவு பத்தரை தாண்டியிருக்கும். அப்போதுதான் ஃபீட்பேக் வரும். அவர்கள் மறுநாள் வருவதற்குள் திருத்தம் போயிருக்க வேண்டும், காலை பதினொன்றுக்கு ஸ்டாண்ட்அப்பிலும் நாம் இருக்க வேண்டும். டெலிவரி நெருங்கினால் சனி, ஞாயிறு கிடையாது. நைட் அவுட் போட்டவருக்குப் பிரியாணி வரும், காம்ப் ஆஃப், அதாவது ஈடு விடுப்பு, எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். அந்த காம்ப் ஆஃபை எடுத்தவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? “இந்த ஒரு டெலிவரி மட்டும்” என்ற பேச்சை நான் பதினொரு வருடமாகக் கேட்கிறேன்.

இதற்கு உலகம் முழுக்க ஒரே பெயர்: க்ரஞ்ச். 2004 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் வருங்கால மனைவி, தன் பெயரை மறைத்துக்கொண்டு, ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வாரம் ஏழு நாளும் காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை வேலை, ஓவர்டைம் இல்லை, ஈடு விடுப்பும் இல்லை என்று அதில் சொன்னார். எழுதியவர் எரின் ஹாஃப்மன் என்பது பிறகு தெரிந்தது. அந்நிறுவன ஊழியர்கள் ஓவர்டைம் கேட்டு நீதிமன்றம் போனார்கள். ஓவியர்களின் வழக்கில் 1.56 கோடி டாலர், புரோகிராமர்களின் வழக்கில் 1.49 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அந்த இரவுகளுக்கு ஒரு விலை உண்டு என்று எழுத்தில் பதிவானது.

அதற்குப் பிறகும் க்ரஞ்ச் ஒழியவில்லை. 2018இல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வெளிவரும் நேரத்தில், வாரத்துக்கு நூறு மணி நேரம் உழைத்தோம் என்று அதைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனத்தின் டான் ஹவுசர் ஒரு பேட்டியில் சொன்னார். மூத்த எழுத்துக் குழுவைப் பற்றி மட்டுமே சொன்னதாகப் பிறகு விளக்கம் வந்தது. போலந்தின் சிடி பிராஜெக்ட், கட்டாய க்ரஞ்ச் இருக்காது என்று 2019இல் வாக்குக் கொடுத்தது. 2020 செப்டம்பரில் அதே நிறுவனம் சைபர்பங்க் 2077க்காக வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. டிசம்பரில் கேம் வந்தது. பழைய கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. தூக்கத்தைக் கொடுத்த தோழர்களுக்கு நல்ல கேம் செய்த திருப்திகூட அன்றைக்குக் கிடைக்கவில்லை.

இது ஏன் ஓயவில்லை? வெளியீட்டுத் தேதியை விற்பனைப் பிரிவு முதலில் குறித்துவிடுகிறது, வேலை எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. மைல்ஸ்டோனைத் தொட்டால்தான் ஸ்டுடியோவுக்குப் பணம். ஒப்பந்தம் பிடிப்பதற்காகக் குறைந்த நாட்களை எழுதிக்கொடுக்கிறார்கள். நடுவில் கிளையண்ட் மனம் மாறி பாதியைத் திருப்பிச் செய்யச் சொன்னால், தேதி நகராது, ஆளையும் கூட்ட மாட்டார்கள். மிச்சம் இருப்பது நம் இரவுதான். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் திட்டம் போடும்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். நம் நரம்பும் தூக்கமும் அந்தப் பட்டியலில் இலவசப் பொருள்.

அந்த இலவசத்தின் விலை இதோ. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு வகை இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 2016இல் மட்டும் நீண்ட நேர வேலையால் நேர்ந்ததாகக் கணக்கிடப்பட்ட இறப்புகள் 7,45,000. இன்னொன்றும் கேளுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதி 0.03 வரைதான். பில்டை அனுப்பிவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கு ஓ.எம்.ஆரில் பைக் எடுக்கும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் அந்த நிலையில்தான் கிளம்புகிறீர்கள்.

“பேஷன் இருக்கறவங்களுக்குத்தான் இந்த வேலை” என்று இன்டர்வியூவிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆமாம், நமக்கு ஆசை இருக்கிறது. தெரு முனை கேம் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து விளையாடி, அந்த உலகத்தை நாமும் கட்ட வேண்டும் என்று வந்தவர்கள் நாம். அந்த ஆசை நம்முடைய சொத்து, அதைக் காட்டி நம்மிடம் வட்டி வாங்க யாருக்கும் உரிமை இல்லை. முதுகு பிடித்துக்கொண்டதை லீடிடம் சொல்லாமல் வலி மாத்திரை போட்டு உட்கார்ந்திருக்கும் தோழரே, உங்களுக்குப் பேஷன் குறைந்துவிடவில்லை. உடம்பு தேய்ந்திருக்கிறது.

தனியாளாகக் கேட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். சேர்ந்து கேட்டவர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் ரேவன் சாஃப்ட்வேர் என்ற கேம் நிறுவனத்தின் டெஸ்டர்கள், ஒப்பந்தம் முடிக்கப்பட்ட சக தொழிலாளிகளுக்காக 2021 டிசம்பரில் வேலையை நிறுத்தினார்கள். 2022 மே மாத வாக்கெடுப்பில் 19க்கு 3 என்று வென்று சங்கம் அமைத்தார்கள். துறையிலேயே குறைந்த கூலி வாங்குகிற, முதலில் வெளியே தள்ளப்படுகிற டெஸ்டர்கள்தான் வழி காட்டினார்கள். 2023 தொடக்கத்தில் ஜெனிமேக்ஸ் கேம் நிறுவனத்தின் டெஸ்டர்கள் சுமார் 300 பேர் சங்கமானார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்கா, கனடா முழுவதற்கும் ஒரே கேம் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வேலை இழந்தவரும் அதில் சேரலாம். ஆபத்து இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 2025 அக்டோபர் கடைசியில் ராக்ஸ்டார் பிரிட்டனிலும் கனடாவிலும் முப்பதுக்கு மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியது. ரகசியத்தை வெளியிட்டார்கள் என்கிறது நிறுவனம், சங்கத்தை உடைக்கும் வேலை இது என்கிறது சங்கம்.

இந்த ஊரில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகள் 1918இல் மதராஸ் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, மத்தியானம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய குறைகளில் ஒன்று. நூறு வருடம் கழித்து நாம் கீபோர்டுக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்துச் சாப்பிடுகிறோம். 2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. சங்கங்கள் எழுந்தன, மே தினத்தன்று அது வாபஸ். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கம் இன்று பதிவான சங்கம். ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

சட்டம் கேட்பது ஏழு கையெழுத்து. ஏழு பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை உறுப்பினர் காட்ட வேண்டும். பழைய 1926ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 2001 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் இருந்தது, 2020இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இதுதான்.

இன்றிரவே தொடங்குங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். மருத்துவச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சங்கப் பேச்சை ஆபீஸ் லேப்டாப்பிலும் ஆபீஸ் சாட்டிலும் பேச வேண்டாம், டீக்கடையில் நேருக்கு நேர் பேசுங்கள். கேமின் ரகசியம் எதையும் வெளியே விடாதீர்கள், அவர்களுக்கு அந்தச் சாக்கைக் கொடுக்கக் கூடாது. கான்ட்ராக்டில் இருக்கும் டெஸ்டர்களிடம் முதலில் போய் உட்காருங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வீடு போகப் பயப்படும் பெண்களிடம் கேளுங்கள், கோரிக்கையின் முதல் வரியை அவர்கள் சொல்லட்டும்.

கிறிஸ்துமஸ் விற்பனைக்கான டெலிவரிகள் வரப்போகின்றன. அந்தத் தேதிகளை இப்போதே யாரோ ஓர் அறையில் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த டெலிவரிகள் வருவதற்கு முன்னால் நாம் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்துவிட்டோம். ஒரு ரிக்கர், ஒரு அனிமேட்டர், போன வருடம் வேலை போன ஒரு டெஸ்டர், நான். நான் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் மூன்று பேர் வேண்டும், தோழர்களே. வாருங்கள்.