விருந்தாளிகளின் கூட்டுக் குடும்பம்

2025 டிசம்பர் 24-ஆம் தேதி காலையில் எங்கள் பெரிய அண்ணி சாவிக் கொத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு துணிப் பையோடு கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இருக்கும் தம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு நாள் அங்கே இருந்தார். சண்டை ஒன்றும் இல்லை; கோபித்துக்கொண்டும் போகவில்லை. பத்து நாளைக்கு முன்பே எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் டெலிபோன் செய்து, "இந்த லீவுக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன். நீங்க வழக்கம்போல வாங்க. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கி வெச்சிருக்கேன். கேஸ் சிலிண்டர் ரெண்டு இருக்கு" என்று சொல்லியிருந்தார்.

ஒருவரும் போகவில்லை.

வீடு அங்கேயேதான் இருந்தது. திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது, குழந்தைகள் நீந்தப் பழகிய கிணறும் இருந்தது. குடும்பத்துக்கு மூத்தவரான அண்ணனும் இருந்தார். ஆனாலும் சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருஷந்தோறும் வந்து இறங்கும் எங்களில் ஒருவருக்கும் அந்த வருஷம் சௌகரியப்படவில்லை. ஒருவர் பையனுக்குப் பரீட்சை என்றார். ஒருவர் டிக்கெட் கிடைக்கவில்லை என்றார். நான், கட்டுரை ஒன்று பாக்கி இருக்கிறது என்றேன். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து, 'அண்ணி குடும்பத்தை உடைத்துவிட்டார்' என்று குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலே தீர்ப்பு எழுதினோம்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்யவே இதை எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். தீர்ப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தப் பத்து நாளுக்குப் பெயர் 'கிறிஸ்துமஸ் லீவு'தான். பள்ளிக்கூடங்களில் அரையாண்டு விடுமுறை என்பார்கள். எங்கள் அப்பா கடைசி வரை அப்படிச் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் தன் பண்டிகைக்காகக் கோர்ட்டையும் கச்சேரியையும் பூட்டினான். அந்த ஓய்வை நம்மவர்கள் தங்கள் காரியங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் முதற்கொண்டு பல ஆண்டுகள் மகாசபை டிசம்பர் கடைசி வாரத்திலேயே கூடியதற்கு, வக்கீல்களுக்கு அப்போது கோர்ட் இல்லை என்பது ஒரு முக்கியமான காரணம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. இன்று மார்கழி சீசன் என்று காஞ்சிப் பட்டுச் சரசரக்க நாம் சபாவுக்குப் போவதும் அந்த லீவின் வாரிசுதான். மார்கழியில் கல்யாணம் கிடையாது. வேறு அழைப்புகளும் இல்லை. ஆகவே எங்கள் குடும்பமும் அந்தப் பத்து நாளைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் தம்பிகள் ஐந்து பேர், தங்கைகள் இருவர், மாப்பிள்ளைகள், மருமகள்கள், பிள்ளைகள், சமயத்தில் ஒரு சித்தி, ஓர் அத்தை. ஆக இருபத்துமூன்று பேர்.

இருபத்துமூன்று பேர் என்று எழுதிவிடுவது சுலபம். ஆளுக்கு ஐந்து இட்லி என்றால் நூற்றுப் பதினைந்து இட்லி. ஓர் ஈட்டுக்கு இருபத்துநான்கு என்றாலும் ஐந்து ஈடு. நாலாவது ஈடு இறங்கும்போது முதல் ஈட்டில் சாப்பிட்ட குழந்தை மறுபடியும் பசிக்கிறது என்று வந்து நிற்கும். அதற்குள் சின்ன மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இல்லாத காப்பி. அத்தைக்குச் சுக்குக் காப்பி. பெங்களூர்க்காரருக்குக் கருப்புக் காப்பி. (அந்தக் கஷாயத்தை அவர் எப்படிக் குடிக்கிறாரோ!) விடியற்காலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்து மார்கழிக் கோலம் போட்டவர் குளிப்பதற்குப் பதினோரு மணி ஆகும். அப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம்? திண்ணையில் உட்கார்ந்து, கூட்டுக் குடும்பம் அழிந்துபோய்விட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

2011-ஆம் வருஷத்து லீவை எங்கள் குடும்பத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்கள் ஒரே காலையில் விறகாயின. கோலியனூரில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. கொல்லையில் வேப்பமரம் விழுந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் போனது போனதுதான். நாங்கள் இருபத்துமூன்று பேரும் நடுக் கூடத்தில் ஒண்டிக்கொண்டு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் சீட்டாடினோம். பேய்க் கதை சொன்னோம். அடுப்படியிலிருந்து சுடச்சுட வந்த கேழ்வரகு அடையைத் தின்றோம். பாதை சரியானதும் ஊருக்குத் திரும்பி, ஒரு பத்திரிகையில் நான் அதைக் கட்டுரையாக எழுதினேன். புயலையும் இடியையும் ஒரு கூரையின் கீழ் சேர்ந்து தாங்குவதுதான் குடும்பம் என்று அதில் முழங்கியிருந்தேன். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். கண் கலங்கியதாகக்கூட ஒருவர் எழுதினார்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அண்ணி அந்தப் பத்திரிகையை எடுத்து வைத்திருந்தார். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி" என்றார். பிறகு, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "அந்த அஞ்சு நாளும் தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு மட்டும் எழுதலையே" என்றார்.

கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. கிணற்றிலே ஓடும் மட்டையும் விழுந்து கிடந்தன. தண்ணீர் தெருக்கோடி அடிபம்பிலிருந்து வந்தது. அண்ணியும், கூட ஒத்தாசைக்கு என் இளைய தம்பி மனைவியும் மழையிலே நனைந்துகொண்டு அடித்துச் சுமந்தார்கள். நாங்கள் கை கழுவியதும், கால் கழுவியதும், குழந்தைகளைக் குளிப்பாட்டியதும் அந்தத் தண்ணீரில்தான். கூடத்தில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்த எனக்கு, அண்டா எப்போதும் நிறைந்திருக்கிறதே என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. நான் எழுத்தாளன்! நுணுக்கமாகப் பார்க்கிறவன் என்று பெயர் வாங்கியவன்!

இதிலே இன்னொரு புயலும் உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. கோலியனூர் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. அந்த லீவுக்கு நாங்கள் யாரும் போகவில்லை. "இந்த நேரத்தில் வந்து உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது" என்று எல்லோரும் டெலிபோனில் மிகவும் நாகரிகமாகச் சொன்னோம். நாங்கள் வந்தால் சிரமம் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் இருந்திருக்கிறது. சேறு அள்ளும் முறை வந்தபோது அது நன்றாகவே நினைவுக்கு வந்தது. புயலைச் சேர்ந்து தாங்குவதைப் பற்றிக் கட்டுரை எழுதியவனும் சென்னையில்தான் இருந்தான்.

அண்ணி பின்னால் என் மனைவியிடம் சொன்னாராம்: சேற்றைக் கழுவி முடித்த பிறகு, அந்த மார்கழியில்தான் கல்யாணமாகி வந்த முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக லீவு நாளில் ஏழு மணி வரை தூங்கினாராம்.

"அன்போடு செய்கிறார், அதை ஏன் கணக்குப் பார்க்கிறாய்?" என்று என் அண்ணன் தம்பிகள் கேட்கிறார்கள். அன்பு இல்லை என்று யார் சொன்னார்கள்? அன்பு இருக்கிறது என்பதற்காகத்தானே முப்பத்தொரு வருஷம் நாம் எழுந்து ஒரு தட்டைக் கழுவவில்லை! கணக்குப் பார்க்க வேண்டாம் என்றால் சர்க்காராவது பார்த்திருக்கிறார்கள். 2024-இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாள் ஒன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88-ம் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரி மட்டுமே. கையே வைக்காத எங்களைப் போன்ற மகானுபாவர்கள் அதில் சேர்த்தி இல்லை. சாதாரண நாளுக்கே இந்தக் கணக்கு. இருபத்துமூன்று பேர் வந்து உட்காரும் லீவு நாளுக்கு யார் கணக்கெடுத்தார்கள்?

"நம் பண்பாடு" என்கிறார் சேலத்துக்காரர். சரி, சட்டத்திலும் இந்துக் கூட்டுக் குடும்பம் என்று ஒன்று உண்டு. அதற்குக் கர்த்தா உண்டு. வருமான வரிக்காரர்கள் அதைத் தனி நபராகவே மதிக்கிறார்கள். அதன் பூர்விகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் பங்கு ஆண்களுக்கு மட்டும் என்று இருந்ததைத் தமிழ்நாடு 1989-இல் திருத்தி மகள்களுக்கும் கொடுத்தது. 2005-இல் மத்திய சட்டமும் அந்த வழிக்கு வந்தது. நல்ல காரியந்தான். ஆனால் மருமகளாக வந்தவருக்குப் புகுந்த வீட்டில் அந்தப் பங்கு இன்றும் கிடையாது. கோலியனூர் வீட்டில் எனக்குப் பங்கு உண்டு. சென்னையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு! முப்பத்தொரு மார்கழி அந்த வாசலில் கோலம் போட்டவர், தம் கணவரின் பங்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதை உதவி என்று சொல்லாமல் 'உரிமைத் தொகை' என்றார்கள். அந்த வார்த்தைக்காக நான் அவர்களைப் பாராட்டுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு அந்த வார்த்தை இன்னும் வந்து சேரவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடும் நண்பர் ஒருவர் விழுப்புரத்தில் இருக்கிறார். நள்ளிரவுப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார்கள். அவர் மனைவி மட்டும் புதுப் புடவையை மாற்றிக்கொண்டு, மத்தியானப் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார்.

குடும்பம் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மகனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது என் அண்ணன் மகன். சித்தப்பாவின் தோளில் ஏறிப் பார்த்த தேர் என்றும் பெரியம்மா கையால் உருட்டிப் போட்ட சோறு என்றும் சொல்லிக்கொள்ள என் பிள்ளைகளுக்கு ஏதோ இருக்கிறது. அடுக்கு மாடியில் பிறந்து அங்கேயே வளரும் எத்தனையோ குழந்தைகளுக்கு அது இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. இவ்வளவு பெரிய செல்வத்தை அனுபவித்தவர்கள், அதற்கு விலை கொடுத்தவர் ஆறே நாள் ஒதுங்கியதும், 'உடைத்துவிட்டார்' என்கிறார்களே! அவர் போனது எங்கே? திண்டிவனத்துக்கு. ஒரு மணி, ஒன்றரை மணி நேர பஸ் பயணம். கூடப் பிறந்த தங்கையோடு அரையாண்டு லீவில் சேர்ந்து இருந்ததே இல்லையாம். தங்கை பள்ளிக்கூட ஆசிரியை, அவருக்கும் லீவு. அக்காள் தங்கை இருவரும் இரண்டு நாள் அடுப்பே மூட்டாமல் ஹோட்டலிலிருந்து இட்லி வாங்கிச் சாப்பிட்டார்களாம். எங்கள் வாட்ஸ்அப் குற்றப்பத்திரிகையில் இது தனிக் குற்றமாகவே பதிவாகியிருக்கிறது.

"சமையலுக்கு ஆள் வைத்துவிடலாமே" என்று கடைசியாக ஒரு யோசனை வந்தது. வைக்கலாம். பத்து நாளுக்கு ஆள் வைத்து எங்களுக்குள் பங்கு போட்டால் எங்கள் வருமானத்துக்கு அது ஒரு பெரிய தொகை அல்ல. முப்பத்தொரு வருஷமாக இந்த யோசனை ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறேன். அண்ணி ஊரில் இருக்கும்வரை அது யாருக்கும் தோன்றவே இல்லையே!

இவ்வளவையும் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதினேன். எழுதிவிட்டு, ஆவேசத்திலே, 'அடுத்த டிசம்பரில் எல்லோரும் சென்னைக்கு என் வீட்டுக்கு வாருங்கள். அண்ணியும் வரட்டும், அவர் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம்' என்றும் சேர்த்துவிட்டேன். பெங்களூர்க்காரரிடமிருந்து பதில் இல்லை. சேலத்துக்காரர், "உங்க வீட்டில தண்ணி ஒழுங்கா வருமா?" என்று கேட்டிருந்தார். அண்ணி ஒன்றும் எழுதவில்லை. கும்பிடும் கை ஒன்றை மட்டும் போட்டிருந்தார்.

அதைக் காட்டுவதற்காக டெலிபோனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். என் மனைவி முழுவதையும் நிதானமாகப் படித்தாள்.

"இருபத்துமூணு பேரா?" என்றாள்.

"ஆமாம்."

"என்னைக் கேட்டீங்களா?"

எனக்குத் தோசை வார்க்கத் தெரியும். நாலு பேருக்கு மேல் வார்த்துப் பார்த்ததில்லை.