அளந்த பிறகு பட்டறைக்குச் சம்மதம் சொல்லுங்கள்

அதிகாலை 3 மணி. தொண்டாமுத்தூர் தோட்டத்தில் சின்ன வெங்காய மூட்டைகள் ஏற்றியாகிவிட்டன. செல்ஃப் போட்டால் வண்டி சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. நான்காவது, ஐந்தாவது முயற்சியில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒருவழியாகக் கிளம்புகிறது. மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள எம்.ஜி.ஆர். மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் நல்ல விலைக்கு வாங்குகிறவர்கள் வாங்கி முடித்திருப்பார்கள். கிணத்துக்கடவு தக்காளிக்கும் பொள்ளாச்சி இளநீருக்கும் இதே கதைதான். மார்கழிக் குளிரில் இது இன்னும் அதிகம்.

பகலில் பட்டறைக்குப் போனால் ஒரே வரியில் தீர்ப்பு வரும்: "கம்ப்ரஷன் இல்லீங்க, இன்ஜினை இறக்கிடலாமுங்க." ஒரு போகத்தின் லாபமே அதில் போய்விடும். பத்துப் பதினைந்து நாள் வாடகை வண்டிச் செலவு தனி. அவ்வளவும் செய்த பிறகும் வண்டி பழையபடி திணறினால், யாரிடம் போய்க் கேட்பது?

இந்த இடத்தில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கேஜ் வைத்து அளந்து, எந்தச் சிலிண்டரில் எவ்வளவு என்று எண்ணாகப் பார்க்காமல், இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கக் கூடாது. மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதாத ஆண்டில்லை. அந்த நியாயம் வண்டிக்கும் பொருந்தும்.

கம்ப்ரஷன் என்றால் என்ன என்பதைக் கொங்குப் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்பு கிணற்றுமேட்டில் ஆயில் இன்ஜினைக் கையால் சுற்றி ஓட்டியவர்கள் அவர்கள். லீவரைத் தூக்கிவிட்டால் கைப்பிடி லேசாகச் சுற்றும். லீவரை விட்டதும் தோளையே இழுக்கிற மாதிரி ஒரு எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்புதான் கம்ப்ரஷன். டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போலத் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அமுக்கிய காற்று எங்கேயோ கசிந்தால் சூடு போதாது. எரியாத டீசல்தான் காலையில் வெள்ளைப் புகையாக வருகிறது.

ஆனால் ஸ்டார்ட் ஆகாத வண்டியெல்லாம் கம்ப்ரஷன் போன வண்டியல்ல. பேட்டரி இறங்கி இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும், ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டாலும், டீசல் ஃபில்டர் அடைத்தாலும், டீசல் லைனில் காற்று புகுந்தாலும், நாசில் கெட்டாலும் இதே அறிகுறிகள்தான் தெரியும். இவை எல்லாம் சிறு செலவுகள். முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்கிற வழக்கத்தை அடியோடு விட வேண்டும். அது தீப்பிடிக்கும், இன்ஜினுக்குள் கண்ட நேரத்தில் வெடித்து, தேய்ந்த ரிங்கை உடைத்தும் விடும்.

அதன் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் அளந்துவிடலாம். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். டீசல் வராமல் நிறுத்திவிட்டு, எல்லாச் சிலிண்டரின் ஹீட்டர் பிளக்கையும், அது இல்லாத வண்டியில் நாசிலையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு துளையிலும் கேஜை மாட்டி, முள் மேலே ஏறி நிற்கும் வரை ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இதற்கு ஆகாது. டீசலுக்கென்று உள்ள கேஜ்தான் வேண்டும். காமன் ரெயில் வண்டிகளில் டீசல் குழாயின் அழுத்தம் மிக அதிகம் என்பதால் அதில் பழகாதவர் கை வைக்கக் கூடாது.

நல்ல டீசல் இன்ஜினில் பொதுவாக 25 முதல் 32 கிலோ வரை காட்டும், பி.எஸ்.ஐ. கணக்கில் ஏறக்குறைய 350 முதல் 450. சரியான அளவு அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மொத்த அளவைப் போலவே சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசமும் முக்கியம். அது 3 கிலோவுக்கு மேல் போனால் குறைந்த சிலிண்டரில் கோளாறு இருக்கிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ் போன்ற இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் பாதி இழுவையே போய்விடும்.

அடுத்து, கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கலாம். முள் நன்றாக ஏறினால் ரிங், லைனர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு என்பதால் ஆயிலைத் தாராளமாக ஊற்றக் கூடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இன்னொரு வழிக்குப் பஞ்சர் கடைக் கம்ப்ரசரே போதும். இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வண்டி அசையாமலும் இன்ஜின் திரும்பாமலும் தடுத்து, ஃபேன் பக்கம் கை வைக்காமல், துளை வழியாகக் காற்றை விட வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல்.

இந்த நான்குக்கும் செலவு ஒன்றல்ல. வால்வு இடைவெளி இறுகிப்போய் வால்வு முழுதாக மூடாமல் இருந்தால், டேப்பெட் சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடும். கேஸ்கெட்டுக்கும் வால்வுக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். ரிங்கும் லைனரும் தேய்ந்தால்தான் இன்ஜினை இறக்க வேண்டியிருக்கும். அளக்காமல் முடிவெடுத்தால், முதல் வகைக் கோளாறுக்கு மூன்றாம் வகைச் செலவைச் செய்துவிடுவோம்.

நம் பகுதியில் இந்தத் தேய்மானத்துக்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை. ஒன்று புழுதி. செம்மண் தடம், பல்லடம் பக்கத்துக் கல்குவாரிச் சாலை, பொள்ளாச்சித் தென்னைநார்த் தூசு எல்லாம் ஏர் ஃபில்டருக்குத்தான் வருகின்றன. ஃபில்டருக்குப் பின்னால் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் போதும். உள்ளே போகிற மணல் உப்புத்தாள் போல லைனரைத் தேய்த்துவிடும். மற்றொன்று தண்ணீர். நாம் குடிக்கச் சிறுவாணியைத் தேடுகிறோம். ரேடியேட்டருக்கு மட்டும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீரை ஊற்றுகிறோம். உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்தால் இன்ஜின் சூடேறி, கேஸ்கெட் போய்விடும். கூலன்ட்டின் விலை இந்தச் செலவில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

பட்டறைக்காரர்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. காதால் கேட்டே கோளாறைச் சொல்லக்கூடிய கைத்திறன் இங்கே உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு வளர்ந்த மண் இது. ஆனால் காது சொல்வதைக் கேஜும் சொன்னால் இருவருக்குமே பாதுகாப்பு. அளந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் தேதியோடு எழுதிக் கொடுக்கும் பட்டறையை விவசாயிகள் தேடிப் போவார்கள்.

அரசுத் தரப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்குத் தருகிறது, அரசு ஐ.டி.ஐ.க்களில் டீசல் மெக்கானிக் பாடப்பிரிவு இருக்கிறது. இருவரும் சேர்ந்து, மார்கழிக்கு முன்பு உழவர் சந்தைகளின் அருகே ஒரு நாள் பரிசோதனை முகாம் நடத்தலாம். மாணவர்களுக்குப் பயிற்சி, விவசாயிக்குக் கையில் ஒரு சீட்டு. விரிவாக்கப் பணியாளர்கள் இதை வட்டாரக் கூட்டங்களில் வலியுறுத்த வேண்டும்.

எல்லாச் சிலிண்டரும் குறைந்து, ஆயில் வாயைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது என்றால், இன்ஜின் உண்மையாகவே ஓய்ந்துவிட்டது. 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். செலவழித்து ஓட்டுவதா, விற்றுவிடுவதா என்பதை அப்போது உட்கார்ந்து கணக்குப் போடலாம். அந்தக் கணக்குக்கும் கையில் எண் வேண்டும்.

அடுத்த முறை "இன்ஜினை இறக்கிடலாமுங்க" என்று கேட்டால், தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்: "எந்தச் சிலிண்டருங்க, எத்தனை கிலோ காட்டுது?"