எண்ணைத் திருத்துவதா, யந்திரத்தைத் திருத்துவதா?

கோலார் தங்கவயலில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைபெற்ற தங்கச் சுரங்கத் தொழில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நின்றது. மைசூர் மைன்ஸ் முதலிய சுரங்கங்கள் ஓய்ந்தன. எனினும், சுரங்கத் தொழில் கற்பிக்கும் பாடமொன்று இன்றும் பழமையாகிவிடவில்லை.

ஆழ்ந்த சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டு எஃகு வடத்தில் தொங்குவது. அதனை இயக்குபவர் மேலே யந்திரக் கூடத்தில் இருப்பார். கீழிறங்கிய கூண்டை அவர் காண இயலாது. ஆழங்காட்டியின் முள்ளே அவருக்குக் கண். ஆனால் அம்முள் காட்டுவது வடம் சுற்றிய உருளையின் சுழற்சியையே. கூண்டு நிற்கும் இடத்தையன்று. பளு மிகுந்தால் வடம் நீளும், நாள்பட்டாலும் நீளும். வடத்தைச் சோதியாமல் முள்ளை மட்டும் நகர்த்தி வைப்பது உயிருக்கே தீங்காய் முடியும்.

சி.என்.சி. மில்லிங் யந்திரத்தின் நிலைமையும் இத்தகையதே. பெரும்பாலான யந்திரங்களில் மோட்டாருடன் இணைந்த என்கோடர் சுழற்சியை எண்ணுகிறது. அவ்வெண்ணைக் கொண்டே மேசையின் இடம் திரையில் காட்டப்படுகிறது. மோட்டாருக்கும் மேசைக்கும் இடையே கப்ளிங், பேரிங், பால் ஸ்குரூ எனப்படும் திருகு, அதன் நட்டு ஆகியவை உள்ளன. இவற்றுள் எது தளர்ந்தாலும் திரை அதனை அறியாது. மேசையோடு அளவுகோல் பொருத்திய யந்திரங்களே இதற்கு விலக்கு.

அளவு பிசகியதும் கணிப்பொறியிலுள்ள திருத்த எண்ணை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்வது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது. பிழைக்கு ஒரு வடிவம் உண்டு. அவ்வடிவமே காரணத்தைச் சொல்லும். ஒரே புள்ளியை இடமிருந்தும் வலமிருந்தும் அணுகும்போது மாறாத வேறுபாடு தோன்றினால், அது பேக்லாஷ். மேசை போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் பிழை சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போனால், கப்ளிங் வழுக்குகிறதெனக் கருதலாம். சரியாகத் திருகின் ஒரு சுற்றளவு தூரம் பிசகினால், தொடக்க நிலையைக் காட்டும் சுவிட்சைப் பார்க்கவேண்டும். காலையில் சரியாயிருந்து, வேலை நடக்க நடக்கப் பிழை வளர்ந்தால் வெப்பமே காரணமாகும். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் திருகு 5 டிகிரி செல்சியஸ் சூடேறினால், ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் நீளும். பேரிங் பொருத்தும் துளைக்கு இது சிறு பிழையன்று.

இவற்றுட் பலவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. காந்த அடியில் பொருத்திய ஒரு டயல் கேஜும், அரைமணி நேரப் பொறுமையும், அளவுகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். திருகின் புரியிலேயே அமைந்த பிழையை லேசர் இன்டர்பெராமீட்டரால் அளந்து, திருத்த எண்களால் ஈடுசெய்வது முறையானதே. தளர்ந்த உறுப்பை எண்ணால் இறுக்க முடியாது. இன்று ஈடுசெய்த பிழை நாளை வேறு அளவாகும். அதற்குள் தேய்மானமும் முற்றிவிடும்.

உற்பத்தியை நிறுத்தி அளந்துகொண்டிருக்க நேரமேது என்பர் சிலர். கழிவாகும் வார்ப்புகளின் விலையையும், பழுதான பேரிங்கை மாற்ற யந்திரம் நிற்கும் நாட்களையும் அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை.

தங்கவயலுக்கு இது அயலார் செய்தியன்று. 1964-இல் நிறுவப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனம் அங்கே புல்டோசர் முதலிய மண்வாரி யந்திரங்களைச் செய்கின்றது. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் அவ்வூர் மக்கள் பலர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். பித்தானை அழுத்த மட்டும் அறிந்தவனுக்குப் பதிலாள் எளிதிற் கிடைப்பான். பிழையின் காரணத்தைக் கண்டறிய வல்லவனுக்குக் கிடைப்பது அரிது. ஆதலின், தொழிற்பயிற்சி நிலையங்கள் நிரல் எழுதுவதற்குத் தரும் இடத்தை, அளந்து ஆராயும் பயிற்சிக்கும் அளித்தல் வேண்டும். தேர்விலும் பழுதுற்ற யந்திரமொன்றை முன்வைத்து, அதன் குறை யாதெனக் கேட்டல் வேண்டும். திரையிலுள்ள எண்ணை ஐயுறக் கற்றவனே யந்திரத்தை ஆளும் தகுதி பெறுகிறான்.