ஐரோப்பாவுக்கு விசா வேண்டாம், சரி. காப்புறுதியும் வேண்டாமா?

ஜூன் பிறந்தால் ஐரோப்பா முழுக்கத் திருவிழாதான். ஜூலை 7 முதல் 14 வரை ஸ்பெயினின் பம்ப்ளோனாவில் காளை ஓட்டம். அதே மாதத்தில் பெல்ஜியத்தின் பூம் நகரில் டுமாரோலேண்ட். பெயரில் அக்டோபர் இருந்தாலும் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் முனிக் நகரின் அக்டோபர்ஃபெஸ்ட். நமக்கு இன்னும் நெருக்கமானவையும் உண்டு. ஜெர்மனியின் ஹம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர் கோடைத் தொடக்கத்தில் ஓடும். பாரிஸ் லா ஷப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் தேர், ஆகஸ்ட் கடைசியை ஒட்டி வீதிக்கு வரும்.

பந்திங் பக்கம் இருப்பவர்களுக்கு கே.எல்.ஐ.ஏ. பக்கத்து ஊர் மாதிரி. அங்கே வேலை செய்பவர் ஒருவராவது தெருவில் இருப்பார். டிக்கெட் மலிவாக வந்தால் முதலில் தெரிந்துகொள்வதும் நாம்தான். விமான டிக்கெட், விழா டிக்கெட், தங்கும் இடம் என்று எல்லாம் போட்டு முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும்: பயணக் காப்புறுதி வேண்டுமா? பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்தக் கட்டம் எதற்கு, அது எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாரும் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளுக்கும் சுற்றுலாவாகப் போக விசா தேவையில்லை. எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து அதே விழாவுக்குப் போகும் ஒருவருக்கு நிலைமை வேறு. இந்தியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விசா கேட்பவர் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரிங்கிட்டுக்கு நெருக்கமான தொகை அது. அவசர சிகிச்சை, தாயகம் திரும்பக் கொண்டுவரும் செலவு, மரணம் நேர்ந்தால் உடலை அனுப்பும் செலவு எல்லாம் அதற்குள் வரவேண்டும்.

நமக்கு விசாவே இல்லை. அதனால் அந்தத் தாளை யாரும் கேட்பதில்லை. கேட்காததால் வாங்குவதும் இல்லை. ஆனால் விசா இல்லாமல் வந்தவர் என்பதற்காக ஆஸ்பத்திரி பில் குறையாது.

புதிய நடைமுறைகளும் இதை மாற்றவில்லை. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் படிப்படியாக அமலுக்கு வந்த பதிவு முறையில் உங்கள் விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கப்படும், நீங்கள் தங்கிய நாட்களைக் கணினியே எண்ணும். 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட இணைய முன் அனுமதிக்கு 20 யூரோ கட்டணம். பிரிட்டனுக்கு 2025 ஜனவரி 8 முதலே மலேசியர்கள் இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். இவை எல்லாம் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. இவற்றுக்குள் காப்புறுதி இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆஸ்பத்திரி பில் யார் தலையில்?

பந்திங் மருத்துவமனையிலோ கிளினிக் கெசிஹாத்தானிலோ ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்த ஒரு ரிங்கிட்டுக்குப் பின்னால் நம் வரிப்பணம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அதே கதைதான்: அங்கே சிகிச்சை மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அங்கிருப்பவர்கள் வரியாகவும் சந்தாவாகவும் கட்டும் பணம். சுற்றுலாவாகப் போகும் நாம் அந்தக் கணக்கில் இல்லை.

பிரிட்டனைப் பாருங்கள். "அங்கே எல்லாம் இலவசம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் கணக்கு ஓட ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் வெளிநாட்டுப் பயணிக்கு அரசு மருத்துவமனை போடும் கட்டணம், வழக்கமான விலையில் 150 விழுக்காடு. கூட்டத்தில் விழுந்து கால் எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவதோடு முடியாது. அறுவை சிகிச்சை, சில நாள் வார்டு, பிறகு காலை நீட்டி உட்காரக்கூடிய இருக்கையில் வீடு திரும்பும் டிக்கெட் என்று நீளும்.

இந்த இடத்தில் இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: "தூதரகம் இருக்கிறதே." தூதரகம் குடும்பத்தோடு தொடர்பு ஏற்படுத்தும், ஆவணங்களுக்கு உதவும். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது. அந்த பில் கடைசியில் வந்து சேர்வது பந்திங்கில் இருக்கும் வீட்டுக்குத்தான். அம்மாவின் நகை அடகுக்குப் போகும், அல்லது வாட்ஸ்அப் குழுக்களில் உதவி கேட்டு ஒரு செய்தி சுற்றும்.

எனவே பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவச் செலவுக்கான உச்சத் தொகை. அடுத்தது, அவசரமாக வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்கும் தாயகம் கொண்டுவருவதற்கும் உள்ள தொகை. பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான்.

விழா ரத்தானால் பணம் வருமா?

இளைஞர்கள் காப்புறுதி வாங்கும்போது மனசில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இங்கேதான் ஏமாற்றமும் அதிகம்.

2024 ஆகஸ்ட். வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று நிகழ்ச்சிகள், ஆகஸ்ட் 8, 9, 10. தாக்குதல் சதி ஒன்று அம்பலமானதால் முதல் நிகழ்ச்சிக்கு முந்தின இரவு மூன்றுமே ரத்தாயின. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள். ஆனால் பல நாடுகளிலிருந்து வந்து ஏற்கெனவே வியன்னாவில் நின்றவர்களின் விமானச் செலவையும் அறை வாடகையையும் திருப்பித் தருவது அவர்கள் பொறுப்பு இல்லை.

அப்போ காப்புறுதி? பெரும்பாலான பாலிசிகளில் "பயண ரத்து" என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கும்: உங்களுக்குக் கடுமையான நோய், நெருங்கிய குடும்பத்தில் மரணம், வீட்டில் தீ அல்லது வெள்ளம், இப்படி. "நான் பார்க்கப் போன நிகழ்ச்சி நடக்கவில்லை" என்பது பல பட்டியல்களில் இருக்காது. விமானம் பறந்தது, அறை திறந்திருந்தது. பாலிசியின் கணக்கில் உங்கள் பயணம் ரத்தாகவில்லை.

இதன் மறுபக்கம் 2025-இல் நடந்தது. ஜூலை 16 அன்று டுமாரோலேண்டின் பிரதான மேடை தீயில் எரிந்தது. விழா தொடங்க இரண்டே நாள். ஆனாலும் விழா நடந்தது. இந்த மாதிரி நேரத்தில் "பயமா இருக்கு, போகல" என்று நீங்களே முடிவெடுத்தால் அது மனமாற்றம். சாதாரணப் பாலிசி அதற்குப் பணம் தராது. செய்தி வந்த பிறகு அவசரமாகப் பாலிசி வாங்கினாலும் பயனில்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சம்பவத்தைக் காப்புறுதி ஏற்காது.

ஆகவே டிக்கெட் போட்ட கையோடு காப்புறுதியும் போட்டுவிடுவது நல்லது. புறப்படும் நாள் காலையில் வாங்கினால், பயண ரத்துக்கான பகுதிக்குக் காசு கொடுத்தும் அதைப் பயன்படுத்த நேரம் இருக்காது.

விமானம் தாமதமானால்?

இதற்குக் காப்புறுதிக்கு முன்பே சட்டம் இருக்கிறது. மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் 2024 செப்டம்பர் 2 முதல் கடுமையாக்கப்பட்டன. விமானம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணத்தை விட்டுவிட்டு டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இன்னும் ஒரு படி மேலே. அங்கிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அது பொருந்தும். பாரிஸிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் நீண்ட தூர விமானம், நிறுவனத்தின் தவறால் பல மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தால் 600 யூரோ வரை இழப்பீடு கேட்க முடியும். ஆனால் கோலாலம்பூரிலிருந்து போகும்போது, ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் அந்த விதி செல்லும்.

நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாது. 2025 மார்ச் 21 அன்று துணை மின் நிலையத் தீயால் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டது அப்படி ஒன்று. காப்புறுதியில் உள்ள "பயணத் தாமதம்" பகுதி கைகொடுப்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான். தாமதத்துக்கான சான்றை விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது?

திருவிழாவுக்குப் போகிறவர்கள் படிக்க வேண்டிய பக்கம், எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் பக்கம். பாலிசிக்குப் பாலிசி மாறும். அடிக்கடி வருபவை இவை:

• மது, போதைப்பொருள்: குடித்திருந்த நிலையில் நேர்ந்த காயத்துக்குப் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். அக்டோபர்ஃபெஸ்ட் போகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

• ஆபத்தான செயல்கள்: பம்ப்ளோனாவில் பால்கனியில் நின்று பார்ப்பது வேறு, காளைக்கு முன்னால் ஓடுவது வேறு. 18 வயது ஆனால் ஓட அனுமதி உண்டு. காப்புறுதிக்காரர் அதை ஏற்பார் என்று பொருள் இல்லை.

• முன்பே உள்ள நோய்: ஆஸ்துமா, நீரிழிவு, இரத்த அழுத்தம். ஹம் தேருக்கு அப்பா அம்மாவையும் கூட்டிப் போவதாக இருந்தால் இது முக்கியம். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படக் காரணம் கிடைத்துவிடும்.

• கவனிப்பின்றி விட்ட பொருள்: புல்தரையில் பையை வைத்துவிட்டு ஆடப் போய், திரும்பி வரும்போது கைப்பேசி இல்லையென்றால் அது பெரும்பாலும் உங்கள் நஷ்டம். பறிபோனது என்றால் உடனே, பல பாலிசிகளின்படி 24 மணி நேரத்துக்குள், போலீஸ் புகார் வேண்டும்.

கடன் அட்டையோடு இலவசமாக வரும் காப்புறுதியையும் திறந்து பாருங்கள். அவற்றில் பல விபத்து மரணத்தையும் பெட்டித் தாமதத்தையும் மட்டும் பார்ப்பவை. காய்ச்சலோடு வார்டில் படுத்தால் உதவாது.

கூட்டமும் வெயிலும் நமக்குப் புதுசா?

பத்துமலைத் தைப்பூசம் பார்த்தவர்களுக்குக் கூட்டம் புதிதல்ல, வெயிலும் புதிதல்ல. ஆனால் அந்தத் தைரியத்தை அப்படியே எடுத்துப் போக முடியாது. 2010 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் டியூஸ்பர்க் நகரில் லவ் பரேட் இசை விழாவுக்குள் போகும் வழியில் நெரிசல் ஏற்பட்டு 21 பேர் இறந்தார்கள். உள்ளே போனவுடன் வெளியே வரும் வழிகளைப் பார்த்து வையுங்கள். கூட்டம் நகராமல் இறுகத் தொடங்கினால் மேடையை மறந்துவிட்டு ஓரத்துக்கு வாருங்கள்.

வெயிலில் நமக்குத் தப்பிக்கும் வழிகள் தெரியும்: ஏர்கான் உள்ள கடை, கார், வீடு. ஐரோப்பாவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏர்கான் இல்லை. 2003 கோடை வெப்பத்தில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். 2025 ஜூலைத் தொடக்கத்தில் வெப்பத்தால் ஈபெல் கோபுரத்தின் உச்சிக்குப் போவதையே நிறுத்தி வைத்தார்கள். தண்ணீர், தொப்பி, நிழல் எல்லாம் அங்கேயும் வேண்டும்.

ஏதாவது நேர்ந்தால்

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர எண் 112. அடுத்த அழைப்பு, பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்கு. வார்டில் சேர்க்கும்போதே அவர்களிடம் சொல்லிவிட்டால், மருத்துவமனையோடு அவர்களே பேசி பில்லை நேராகக் கட்ட வாய்ப்புண்டு. கேட்காமல் நீங்களே ஏற்பாடு செய்யும் செலவை, முக்கியமாகத் தாயகம் திரும்பும் செலவை, பிறகு மறுக்கக்கூடும். அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். தாளில் எழுதிப் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று.

கோரிக்கையை நிராகரித்துவிட்டார்களா? முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். அவர்களின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் எஃப்.எம்.ஓ.எஸ். எனும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். காப்புறுதிக்கும் தக்காஃபுலுக்கும் இரண்டுக்கும் பொருந்தும். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், காப்புறுதி என்பது விழா டிக்கெட்டைக் காப்பாற்றும் பொருள் அல்ல. டிக்கெட் போனால் சில நூறு ரிங்கிட், ஒரு மாதம் மனசு வலிக்கும். வார்டில் படுத்தால் அது வீட்டுக் கடன். விசா வாங்குபவருக்கு அந்த முடிவை ஒரு அதிகாரி எடுத்துவிடுகிறார். நமக்கு அதை நாமேதான் எடுக்க வேண்டும்.