மீண்டு வந்த மீன் யாருக்கு?

அமெரிக்க மீன்பிடி விதிகளின்படி, உடல் நீளம் 206 சென்டிமீட்டரைத் தொட்டால்தான் நீலத்துடுப்புச் சூரைக்கு ‘ராட்சத’ என்ற பட்டம். புளூஃபின் டூனா என்று உலகச் சந்தை அழைக்கும் இந்த மீன் அந்த நீளத்தை எட்டும்போது ஏறத்தாழ 140 கிலோ இருக்கும். 1979 அக்டோபரில் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் கென் ஃப்ரேசர் தூண்டிலில் பிடித்த மீனின் எடை 679 கிலோ. அந்த உலக சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. இத்தனை பெரிய மீனை 30, 40 அடிப் படகில் இரண்டு மூன்று பேராகப் போய், ஒற்றை முள்ளில் மாட்டிக் கரை சேர்க்கும் மீனவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் குளோஸ்டர், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு, ஜப்பானின் ஓமா ஆகிய இடங்களில் இது பல குடும்பங்களின் பிழைப்பு.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்த மீனே இல்லாமல் போய்விடும் என்று உலகம் அஞ்சியது. இப்போது அது பெருகியிருக்கிறது. பிடிக்கலாம் என்று அனுமதிக்கப்படும் அளவும் கூடிவந்திருக்கிறது. கூடும் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் இன்றைய கேள்வி. ஒவ்வொரு மீனாகப் பிடிக்கும் சிறு படகுகளுக்கே முதல் உரிமை தரப்பட வேண்டும். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. கணக்கும் அனுபவமும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

முதலில் அந்தத் தொழிலைப் பார்க்கலாம். குளோஸ்டர் படகுக்காரர்கள் ஸ்டெல்வாகன் திட்டு போன்ற இடங்களில் நங்கூரம் போட்டு, நறுக்கிய மீனைக் கடலில் தூவுவார்கள். உயிருள்ள கானாங்கெளுத்தியையோ ஹெர்ரிங்கையோ முள்ளில் கோத்து, பலூனை மிதவையாகக் கட்டி நீரோட்டத்தில் விடுவார்கள். மீன் கவ்வியதும் நங்கூரக் கயிற்றை மிதவையோடு கழற்றி எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே படகை ஓட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான மீட்டர் தூண்டில் நரம்பு சில நொடிகளில் உருவிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் அது கையிலோ காலிலோ சுற்றிக்கொண்டால் ஆளையே இழுத்துக் கடலில் போட்டுவிடும். மீன் களைத்துப் படகருகே வந்ததும் ஈட்டி எறிந்து, வாலில் கயிறு மாட்டுவார்கள். ஓமாவில் இந்தக் கடைசிக் கட்டம் வேறு மாதிரி. அங்கே மின்சாரம் பாயும் வளையத்தை நரம்பின் வழியே கீழே இறக்கி மீனை ஸ்தம்பிக்க வைக்கிறார்கள்.

மீனை விரைவாக அடக்க இத்தனை அவசரம் காட்டுவதற்குக் காரணம் அதன் உடம்பில் இருக்கிறது. பெரும்பாலான மீன்களின் உடல்வெப்பம் சுற்றியுள்ள நீரைப் பொறுத்தே அமையும். நீலத்துடுப்புச் சூரை அப்படி இல்லை. தசையில் எழும் வெப்பம் செவுள் வழியே வெளியேறிவிடாமல் காக்கும் இரத்தக்குழாய்ப் பின்னல் அதற்கு உண்டு. உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் ஃபிராங்க் கேரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களில் இதை அளந்து காட்டினார்கள். குளிர்ந்த கடலில் அசுர பலத்தோடு வேட்டையாட உதவும் இதே வெப்பம் தூண்டிலில் மாட்டினால் எதிரியாகிறது. மீன் நெடுநேரம் போராடினால் சூடு ஏறி, தசையில் அமிலம் சேர்ந்து, இறைச்சி வெளிறி வெந்ததுபோல் ஆகிவிடும். சுஷி சந்தையில் அதற்கு விலை விழுந்துவிடும். அதனால்தான் பிடித்த உடனே இரத்தத்தை வடிக்கிறார்கள், குடலையும் செவுளையும் அகற்றுகிறார்கள், பனிக்கட்டி கலந்த நீரில் அமிழ்த்துகிறார்கள். ஒரே ஒரு மீனுக்கு இத்தனை கவனம் தருவது சிறு படகுக்கு இயல்பான வேலை.

அந்தக் கவனத்துக்கு விலை கிடைத்தது பின்னாளில்தான். 1960களில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இந்த மீனுக்கு ஒரு பவுண்டுக்குச் சில சென்ட்தான். பூனைத் தீவனமாகப் போகும், அல்லது போட்டிக்குப் பிடித்துப் படம் எடுத்தபின் குழி தோண்டிப் புதைப்பார்கள். நிலைமையை மாற்றியது ஜப்பான் ஏர்லைன்ஸின் சரக்குப் பிரிவு. ஜப்பானியப் பொருள்களை இறக்கிவிட்டு வட அமெரிக்காவிலிருந்து திரும்பும் விமானங்களில் ஏற்றப் போதிய சரக்கு இல்லை. எதை ஏற்றலாம் என்று தேடியவர்களின் கண்ணில் இந்த மீன் பட்டது. 1972 ஆகஸ்டில் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சூரை டோக்கியோவின் சுகிஜி சந்தையில் ஏலம் போனது. நேற்றுவரை புதைத்த மீன் மறுநாள் பொன்னானது.

விலை வந்ததும் பெரிய வலைகளும் வந்தன. தமிழக மீனவர்கள் சுருக்குமடி என்று சொல்லும் வலையின் பெரிய வடிவம் மத்தியதரைக் கடலில் இறங்கியது. முட்டையிடக் கூடும் மந்தையை வளைத்துப் பிடித்து, உயிரோடு கூண்டுகளுக்கு மாற்றி, மாதக்கணக்கில் தீனி போட்டுக் கொழுக்கவைத்து ஜப்பானுக்கு அனுப்பும் தொழில் 1990களின் பிற்பகுதியில் வேகம் பிடித்தது. மந்தையைத் தேட விமானங்களும் பறந்தன. 2007-இல் கிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் அனுமதிக்கப்பட்ட அளவு 29,500 டன். உண்மையில் பிடிக்கப்பட்டது ஏறத்தாழ 61,000 டன் என்று ஐகாட் எனப்படும் அட்லாண்டிக் சூரைப் பாதுகாப்பு ஆணையத்தின் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். ஒரு மீனுக்கு அனுமதி வாங்கி இரண்டு மீன் பிடித்த கதை.

2010 மார்ச்சில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு தோஹாவில் நடந்தபோது, இந்த மீனின் சர்வதேச வணிகத்தையே தடை செய்யும் தீர்மானத்தை மொனாக்கோ கொண்டுவந்தது. ஜப்பான் கடுமையாக எதிர்த்தது, தீர்மானம் தோற்றது. ஆனால் அந்தப் பயம் வேலை செய்தது. ஐகாட் 2011-க்கான அளவை 12,900 டன்னாகக் குறைத்தது. தேடும் விமானங்களுக்குத் தடை, ஒவ்வொரு சரக்குக்கும் ஆவணம், கப்பலில் பார்வையாளர் என்று சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்த பிடியும் இறுகியது. மீன் திரும்பி வந்தது. 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 40,570 டன் பிடிக்க அனுமதி கிடைத்தது. அழியும் அபாயத்தில் உள்ளது என்று 2011-இல் அட்லாண்டிக் மீனை வகைப்படுத்திய உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 2021-இல் அதைக் கவலை குறைந்த பட்டியலுக்கு மாற்றியது. பசிபிக் இனம் இன்னும் மோசமான நிலையில் இருந்தது. மீன்பிடியே இல்லாதிருந்தால் இருக்கக்கூடிய முட்டையிடும் மீன்களில் இரண்டு மூன்று சதவீதமே மிஞ்சியிருந்த காலம் உண்டு. கட்டுப்பாடுகளுக்குப் பின் அது 20 சதவீத இலக்கைக் குறித்த காலத்துக்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்பே, 2021-இல் எட்டிவிட்டது.

ஆக, பட்டினி கிடந்து சேர்த்த சேமிப்பு கையில் இருக்கிறது. மத்தியதரைக் கடலில் அதன் பெரும்பகுதி மறுபடியும் சுருக்குமடிக் கப்பல்களுக்கும் கொழுக்கவைக்கும் கூண்டுகளுக்கும்தான் போகிறது. பங்கீட்டுக்கு முக்கிய அடிப்படை பழைய பிடிப்புக் கணக்கு. அதிகம் பிடித்தவனுக்கு அதிகம் என்ற இந்த விதி, கடலைச் சுரண்டியவர்களுக்கே பரிசு தருகிறது.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு இரண்டு நாடுகள் சாட்சி. அமெரிக்காவில் ஐந்தே சுருக்குமடிக் கப்பல்களுக்கு நாட்டின் ஒதுக்கீட்டில் 18.6 சதவீதம் பல்லாண்டு காலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 2015-க்குப் பிறகு அவை இந்த மீனைப் பிடித்து இறக்கவே இல்லை, ஆனாலும் பங்கு அவர்கள் பெயரிலேயே இருந்தது. 2023 தொடக்கத்தில் அரசு அந்தப் பிரிவையே ஒழித்துவிட்டு, அந்தப் பங்கைத் தூண்டில், ஈட்டிப் படகுகள் உள்ளிட்ட பிரிவுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது.

இரண்டாவது சாட்சி பிரிட்டன். 1933-இல் லொரென்சோ மிட்செல்-ஹென்றி வட கடலில் ஒரு துடுப்புப் படகில் இருந்தபடி 851 பவுண்டு, அதாவது 386 கிலோ எடையுள்ள சூரையைத் தூண்டிலில் பிடித்தார். ஸ்கார்பரோ துறைமுகம் அந்தக் காலத்தில் பணக்கார வேட்டைக்காரர்களால் நிரம்பி வழிந்தது. பின்னர் நார்வேயின் சுருக்குமடிகள் மீனை அள்ளின, அதன் இரையான ஹெர்ரிங்கும் குறைந்தது. 1960களுக்குள் அந்தக் கடலில் சூரை காணாமல் போனது. அரை நூற்றாண்டு கழித்து மீன் மீண்டும் பிரிட்டிஷ் கடலில் தென்பட்டபோது, அரசு பழைய வழிக்குப் போகவில்லை. 2023-இல் சோதனை முயற்சியாகப் பத்துப் படகுகளுக்கு மட்டும் 39 டன் ஒதுக்கி, தூண்டில் கம்பால்தான் பிடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

சிறு படகுக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. புத்தாண்டு ஏலத்தால் உலகப் புகழ் பெற்ற ஓமாவே இதற்குப் பாடம். 2019-இல் 278 கிலோ எடையுள்ள ஓமா மீனை 33.36 கோடி யென்னுக்கு எடுத்தவர் உணவக அதிபர் கியோஷி கிமுரா. 2026 ஜனவரியில் 243 கிலோ மீனுக்கு 51 கோடி யென்னுக்கு மேல் கொடுத்து அந்தச் சாதனையை அவரே மிஞ்சினார். இந்த விலையில் பெரும்பகுதி விளம்பரத்துக்கானது. அன்றாட விலை இதன் அருகில்கூட வராது. ஆனாலும் ஆசை வேலை செய்யாமல் விடுமா? பிடித்த மீனைக் கணக்கில் காட்டாமல் விற்ற விவகாரத்தில் 2023-இல் ஓமாவைச் சேர்ந்த மீன் வியாபாரிகள் இருவர் கைதானார்கள். அதைத் தொடர்ந்து பெரிய மீன்களின் எண்ணிக்கையையும் பதிவு செய்யச் சொல்லி ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது.

இதைக் காட்டித்தான் பெரிய கப்பல்காரர்கள் வாதாடுகிறார்கள். ஆயிரக்கணக்கான சிறு படகுகளைக் கண்காணிப்பதைவிடச் சில பத்துக் கப்பல்களைக் கண்காணிப்பது எளிது என்பது அவர்கள் கட்சி. 2018-இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் அம்பலப்படுத்திய ‘டாரன்டெலோ’ விசாரணை இந்த வாதத்தை உடைக்கிறது. கூண்டுப் பண்ணைகளையும் பெரிய வணிகர்களையும் சுற்றி நடந்த அந்தக் கடத்தலில் 79 பேர் கைதானார்கள். கள்ளச் சந்தையில் புழங்கிய மீன் ஆண்டுக்கு 2,500 டன் என்று யூரோபோல் சொன்னது. நீருக்கடியில் கூண்டுக்குள் மாற்றப்படும் மந்தையைக் காணொளி வைத்துத்தான் எண்ண வேண்டும். தூண்டிலில் வரும் மீன் ஒவ்வொன்றாகப் படகில் ஏறுகிறது. கனடாவில் ஒவ்வொரு மீனின் உடலிலும் எண் பொறித்த பட்டை பூட்டப்படுகிறது, கரையிறங்கும் இடத்தில் தனி ஆட்கள் எடை பார்க்கிறார்கள். எண்ணுவதற்கு இதைவிட எளிய மீன்பிடி கிடையாது.

உண்மையான குறை வேறொன்று. எல்லாப் படகும் ஒரே நாளில் கரை திரும்பினால் விலை சரியும், ஒதுக்கீடும் சட்டென்று தீர்ந்து பருவம் பாதியில் முடியும். அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. வாரத்தில் சில நாள்கள் மீன்பிடிக்குத் தடை விதித்து அதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். படகுக்கு இத்தனை மீன் என்று பட்டைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், மீனவர் சந்தை நல்ல விலை தரும் நாள் பார்த்துக் கடலுக்குப் போகலாம். புயல் நாளிலும் போட்டிக்காக ஓட வேண்டியதில்லை.

இந்தப் பங்குச் சண்டை தமிழகத்துக்கும் அந்நியமானதில்லை. சுருக்குமடியை மாநில அரசு 2000-இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும் பகல் நேரத்தில் பயன்படுத்த இடைக்கால அனுமதி தந்தது. நீலத்துடுப்புச் சூரை நம் கரையில் இல்லை. ஆனால் அதன் உறவான மஞ்சள்துடுப்புச் சூரையைத் தேடி கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டார மீனவர்கள் தூண்டிலோடு வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிறார்கள். அதே மீனை ஐரோப்பியச் சுருக்குமடிக் கப்பல்கள் மிதவைகளால் ஈர்த்து, குஞ்சும் குட்டியுமாக வாரிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கு 72 நாள் மிதவைகளுக்கு ஓய்வு கொடுக்க 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் தீர்மானம் நிறைவேற்றியபோது, ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபம் தெரிவித்து விலகிக்கொண்டது.

2015-இல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மஞ்சள்துடுப்புச் சூரை தேறிவிட்டதாக 2024-இன் மதிப்பீடு சொல்கிறது. எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சுவார்த்தையோ அந்த ஆணையத்தில் 2011 முதல் இழுத்துக்கொண்டே போகிறது. பழைய பிடிப்புக் கணக்கை முக்கிய அடிப்படையாக வைத்து மத்தியதரைக் கடலில் செய்த தவறை இங்கேயும் செய்ய விடக்கூடாது. கூடுதல் பங்கு முதலில் தூண்டிலுக்கு, அதற்குப் பதிலாக ஒவ்வொரு மீனுக்கும் கணக்கு என்ற நிபந்தனையை இந்திய அரசு அந்த மேசையில் வைக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும் இந்தியக் குழுவில் தூத்தூர் மீனவர்களின் பிரதிநிதி ஒருவருக்காவது இடம் தர வேண்டும்.