சுடலாம், சரி... எதால சுடப்போறீங்க?

ரொம்ப நாளா மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னைக்கு கொட்டிடுறேன். திட்டுறவங்க வரிசையா வாங்க மக்களே.

போன தடவை ஊருக்கு, அதாங்க எம்.ரெட்டியபட்டிக்கு, போயிருந்தப்ப மாமாவோட மக்காச்சோளம் பால் பிடிக்கிற பருவம். விடிஞ்சு பார்த்தா பாதி படுத்துக் கெடக்கு. காட்டுப்பன்னி. மலை எங்கயோ இருக்க, இது எங்கருந்து வருதுன்னு கேட்காதீங்க. கண்மாய்க்குள்ள அடைஞ்சு கெடக்குற சீமைக்கருவேலந்தான் இப்ப அதுக்குக் காடு.

2025 ஜனவரியில சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது, 1-ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், 3-ஐத் தாண்டினா வனத்துறை சுடும். உடனே ரெண்டு கோஷ்டி. "ஐயோ பாவம்" கோஷ்டி, "போட்டுத் தள்ளு" கோஷ்டி. எதால சுடுறதுன்னு மட்டும் ஒருத்தரும் வாயத் திறக்கல.

சிரிக்காதீங்க. அமெரிக்காவுல எல்க்னு ஒரு மான். நம்ம மிளாவுக்கு அண்ணன் முறை, நல்ல கெடா 300 கிலோவத் தொடும். அதுக்கு .270 தோட்டா போதும்னு ஜாக் ஓ'கானர், பெரிய குண்டுதான் வேணும்னு எல்மர் கீத், ரெண்டு எழுத்தாளருங்க காலம் பூரா அடிச்சுக்கிட்டாங்க. அவங்க போயும் சண்டை ஓயல. கொலராடோ மாநிலத்துல விதியே இருக்கு. எல்க் சுடணும்னா குண்டு 6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, எடை 85 கிரெய்ன், அதாவது அஞ்சரை கிராமாவது இருக்கணும், உள்ள போய் விரியணும். எதுக்கு இவ்வளவு? காயத்தோட ஓடிப்போகக் கூடாதுன்னுதான்.

நம்ம 1959 ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்குன்னு பேர் சொல்றது எதைத் தெரியுமா? குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியை! திருட்டுத்தனமா சுடுறவன் அதுல பால்ரஸைப் போட்டுக் கெட்டிப்பான். அப்படி வயித்துல வாங்கின பன்னி ஒண்ணு மூணாம் நாள் கருவேலத்துக்குள்ள நாறிக் கெடந்ததை நான் பார்த்திருக்கேன். அந்த மூணு நாளும் ஆடு மேய்க்கிற பொம்பளைங்க அந்த வழியாத்தான் போயிட்டு வந்தாங்க. வலியில கெடக்குற பன்னி குறுக்க வந்தா தொடையக் கிழிச்சுப்புடும்.

கெடாப்பன்னிக்குத் தோள்ல கவசம் மாதிரி கெட்டித்தோல் இருக்கு. சின்ன ரவை அதுலயே நின்னுரும். அப்ப ரைஃபிள் குடுங்கறீங்களா? .30-06 குண்டு குறி தப்பினா 3 கிலோமீட்டருக்கு மேலயும் போகும். நம்மது பொட்டல். தடுக்க ஒரு கரடு கூட கிடையாது. ஆட்டுக்கிடை போட்டவன், ராத்திரி தண்ணி பாய்ச்சுறவன் உசுருக்கு யார் பொறுப்பு?

என் கட்சி இதுதான். பரண் கட்டி, மேல இருந்து கீழ்நோக்கி, நாப்பது எட்டுக்குள்ள, 12 போர் துப்பாக்கி. ரவைத் தோட்டா வேணாம். ஒத்தைக்குண்டு, 28 கிராம் ஒரே ஈயக்கட்டி. தப்பினாலும் மண்ணுக்குள்ள போயிரும். சுடுறவர் முதல்ல அட்டையில குறி சுட்டுக் காட்டின வனத்துறை ஆளா இருக்கணும். காயம்பட்டதைத் தேடி முடிக்காம வீட்டுக்குப் போகக்கூடாது.

"ஐயோ பாவம்" கோஷ்டிக்கு ஒண்ணு. 2020 மே மாசம் கேரளாவுல வெடியக் கடிச்சு வாய் கிழிஞ்சு செத்த கர்ப்பிணி யானைக்கு எல்லாருமே அழுதோம். அந்த மாதிரி வெடிய வைக்கிறது பன்னிக்குத்தான். நேர்வழியை அடைச்சா சனம் அவுட்டுக்காயும் கரண்டு கம்பியும்தான் தேடும்.

மாமா கிளம்பும்போது சொன்னார்: "பன்னி சாகணும்னு நான் கேட்கல மாப்ள. எனக்குச் சோளம் வீடு வந்து சேரணும். செத்துத்தான் ஆகணும்னா சட்டுனு சாகட்டும்."

இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?

டிஸ்கி: நான் துப்பாக்கி வெச்சிருக்கல. திருவிழாவுல பலூன் சுட்டதோட சரி. அதுலயும் பத்துக்கு மூணு :-)